பண்ட்டுக்கு 27 கோடி, போஸ்மனுக்கு 5 ஆண்டு வழக்கு: நண்பர்களின் ஃபேன்டஸி கால்பந்து லீக்குக்கு ஒப்பந்த விதி எழுதுவது எப்படி?

2024 நவம்பர் 24. ஜெட்டாவில் ஐபிஎல் மெகா ஏலம். ரிஷப் பண்ட்டின் விலை 20.75 கோடி ரூபாயில் நிற்கிறது. கடைசியாகக் கேட்ட அணி லக்னோ. அப்போது பண்ட்டின் பழைய அணியான டெல்லி, ஆர்டிஎம் உரிமையைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. பழைய விதியாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், அதே 20.75 கோடிக்கு பண்ட் டெல்லிக்கே திரும்பியிருப்பார். ஆனால் அந்த ஏலத்தில் விதி மாறியிருந்தது. விலையை ஒரே ஒரு முறை உயர்த்திக்கொள்ள லக்னோவுக்கு வாய்ப்பு கிடைத்தது. லக்னோ சொன்ன தொகை 27 கோடி. டெல்லி விலகிக்கொண்டது. ஐபிஎல் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத விலை அது.

ஒரே ஒரு வரி விதி, சில நொடிகளில் 6.25 கோடி ரூபாய் வித்தியாசம்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நண்பர்கள் சேர்ந்து ஃபேன்டஸி கால்பந்து லீக் நடத்துகிறீர்கள், அதை ஒரு சீசனோடு முடிக்காமல் வருஷக்கணக்கில் கொண்டுபோக ஆசைப்படுகிறீர்கள் என்றால், இதே கேள்விகள் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் வெடிக்கும். யாரை வைத்துக்கொள்ளலாம், எத்தனை வருஷம், பாதியில் விட்டால் என்ன தண்டனை, ஒப்பந்தம் முடிந்த வீரர் யாருக்குச் சொந்தம்? இவற்றுக்கு ஐபிஎல்லும் ஐரோப்பிய கால்பந்தும் ஏற்கெனவே பதில் தேடியிருக்கின்றன. சில பதில்கள் நன்றாக வேலை செய்தன, சில நீதிமன்றத்தில் போய் முடிந்தன.

முதலில், ஃபேன்டஸியில் ஒப்பந்தம் எதற்கு?

பலருக்கும் தெரிந்தது இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வ ஃபேன்டஸி விளையாட்டு. கையில் 10 கோடி பவுண்ட் கற்பனைப் பணம், 15 வீரர்கள், ஒரு கிளப்பிலிருந்து அதிகபட்சம் 3 பேர். வாரம் ஒரு மாற்றம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி வெட்டு. அதில் ஹாலண்டை நீங்களும் வாங்கலாம், உங்கள் எதிராளியும் வாங்கலாம். அதனால் அங்கே ஒப்பந்தப் பிரச்சினையே வராது.

ஏல லீக் அப்படி இல்லை. ஒரு வீரர் ஒரே ஒரு அணிக்குத்தான். வந்தவாசியில் 10 நண்பர்கள் சேர்ந்து இப்படி ஒரு லீக் தொடங்குகிறார்கள் என்று வச்சுக்குவோம். அணிகளுக்கு வந்தவாசி, ஆரணி, செய்யாறு, சேத்துப்பட்டு, தெள்ளார், போளூர் என்று சுற்றுவட்டார ஊர்ப் பெயர்கள். ஆளுக்கு 15 வீரர்கள். மொத்தம் 150 பேர் ஏலத்தில் போகிறார்கள்.

அடுத்த வருஷம் என்ன செய்வது? சுலபமான வழி இரண்டு. எல்லோரையும் கலைத்துவிட்டு மறுபடி ஏலம் போடலாம். அப்படிச் செய்தால், பெயர் தெரியாத 19 வயதுப் பையனை முதலில் கண்டுபிடித்தவருக்கு எந்தப் பலனும் இல்லை. இல்லையென்றால், வாங்கினவர்களை விரும்பும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று விடலாம். அப்படி விட்டால் முதல் ஏலத்தில் அதிர்ஷ்டம் அடித்தவர் ஐந்து வருஷம் கோப்பையைத் தூக்குவார். மற்ற ஒன்பது பேரில் பாதி, இரண்டாவது சீசன் நடுவிலேயே காணாமல் போவார்கள். ஒப்பந்த விதிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. வீரர் உங்களிடம் இருப்பார், ஆனால் ஒரு தேதி வரைக்கும்தான்.

போஸ்மன் வழக்கு: தேதி முடிந்தும் முடியாத ஒப்பந்தம்

அந்தத் தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய வழக்கைப் பார்க்கணும். ஜான் மார்க் போஸ்மன் பெல்ஜியத்தின் லீஜ் கிளப் வீரர். 1990-ல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் பழைய ஊதியத்தின் கால் பங்குதான் தருவதாக கிளப் சொன்னது. அவர் பிரான்ஸின் டன்கிர்க் கிளப்புக்குப் போக நினைத்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் மாற்றுத் தொகை கேட்கும் வழக்கம் அன்று இருந்தது; அதனால் அந்தப் பேச்சு முறிந்து, போஸ்மன் இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றார். வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும் வீரருக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகு பழைய கிளப் பணம் கேட்க முடியாது என்பது அதன் சாரம். தீர்ப்பு வருவதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் நல்ல வருஷங்கள் போய்விட்டன.

இதை நம்ம ஊர் ஆட்களுக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்லை. பட்டுத் தறித் தொழிலில் 'முன்பணம்' என்ற சொல்லைக் கேட்டவர்களுக்குப் புரியும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையும்வரை நெசவாளர் வேறு இடத்துக்குப் போக முடியாது. புது முதலாளி அந்தத் தொகையைக் கட்டி அழைத்துக்கொண்டால்தான் உண்டு. கடனைக் காட்டி ஒருவரின் உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976-ம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. கோடிகளில் சம்பாதிக்கும் கால்பந்து வீரரையும் தறிக்குழியில் உட்காரும் நெசவாளரையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்று: வேலையை விட்டுப் போக ஒருவருக்கு எப்போது உரிமை வருகிறது?

இன்று அந்த உரிமை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ட்ரென்ட் அலெக்சாண்டர் ஆர்னால்டைப் பாருங்கள். லிவர்பூலுடன் அவர் ஒப்பந்தம் 2025 ஜூன் 30-ல் முடிய இருந்தது. அதுவரை பொறுத்திருந்தால் ரியல் மாட்ரிட் ஒரு பைசா தர வேண்டியிருந்திருக்காது. ஜூன் மாத கிளப் உலகக் கோப்பைக்கே அவர் வேண்டும் என்று, சில வாரங்கள் முன்னதாக அழைத்துக்கொள்ளப் பணம் கட்டியது. தேதி தெளிவாக இருந்ததால், அந்தச் சில வாரங்களுக்கு ஒரு விலை பேச முடிந்தது.

ஆக, உங்கள் லீக்கின் முதல் விதி இதுதான்: எந்த ஒப்பந்தமும் தானாக நீளக் கூடாது. ஒவ்வொரு வீரர் பெயருக்குப் பக்கத்திலும் முடியும் ஆண்டு எழுதப்பட்டிருக்கணும்.

பட்ஜெட்டில் வருஷங்களும் உண்டு

பணத்துக்கு வரம்பு வைப்பது எல்லோருக்கும் தோன்றும். அணிக்கு 100 கோடி கற்பனைப் பணம், குறைந்தபட்ச விலை 1 கோடி என்று வைக்கலாம். பலரும் மறப்பது, வருஷங்களுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதை. அது இல்லையென்றால் எல்லோரும் எல்லா வீரருக்கும் நீண்ட ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். அடுத்த ஏலத்துக்கு ஆளே இருக்காது.

ஒரு எளிய கணக்கு: ஒரு அணியிடம் எந்த நேரத்திலும் மொத்தம் 30 ஒப்பந்த ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு வீரருக்கு அதிகபட்சம் 4. பதினைந்து பேருக்கும் தலா 2 என்று பிரிக்கலாம். அல்லது மூன்று பேருக்கு 4, ஆறு பேருக்கு 2, மீதி ஆறு பேருக்கு 1 என்று போடலாம். மொத்தம் அதே 30. யாரை நம்புகிறீர்கள் என்பதை இந்தப் பிரிப்பே காட்டிக்கொடுத்துவிடும். ஏலம் முடிந்து, சீசன் தொடங்கும் முன் இதை அறிவிக்கச் சொல்லுங்கள். ஏலத்தின் சூட்டிலேயே முடிவெடுக்கச் சொன்னால் பாவம், தப்புக்கணக்குதான் வரும்.

கூடவே, ஒவ்வொரு வருஷமும் எல்லா வீரருக்கும் 2 கோடி ஊதிய உயர்வு. சதவீதமாக இல்லாமல் ஒரே தொகையாக வைப்பதில் ஒரு காரணம் இருக்கு. 20 கோடி நட்சத்திரத்துக்கு 2 கோடி பெரிய சுமை இல்லை. 1 கோடிக்கு எடுத்த அதிர்ஷ்டப் பையன் மட்டும் 3, 5, 7 என்று ஏறிக்கொண்டே போவான். கண்டுபிடித்தவருக்கு லாபம் உண்டு, அது வருஷா வருஷம் கொஞ்சம் கரையும்.

பாதியில் விட்டால்?

ஐபிஎல்லில் நாம் அப்படியே எடுக்கக் கூடாத இடம் இது. அதே ஜெட்டா ஏலத்தில் கொல்கத்தா அணி வெங்கடேஷ் ஐயரை 23.75 கோடிக்கு வாங்கியது. 2025 சீசனில் அவர் 11 ஆட்டங்களில் எடுத்தது 142 ரன். சீசன் முடிந்ததும் கொல்கத்தா அவரை விடுவித்தது, அந்த 23.75 கோடி முழுசாக அணியின் கையிருப்புக்குத் திரும்பியது. டிசம்பர் மினி ஏலத்தில் பெங்களூரு அவரை 7 கோடிக்கு வாங்கியது. அணி செய்த தப்புக்கு அணிக்குச் செலவில்லை. விலை குறைந்தது வீரருக்குத்தான். அதே சமயம், வீரர் வெளியேற நினைத்தால் அணி சம்மதித்து விடுவிக்கவோ டிரேட் செய்யவோ வேண்டும். கதவு அணியின் பக்கம் மட்டும் திறக்கிறது.

நிஜ வீரர் விஷயத்தில் இது நியாயப் பிரச்சினை. ஃபேன்டஸியில் வீரருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, ஆனால் ஆட்டம் கெடும். விடுவிக்க செலவே இல்லையென்றால் எல்லோரும் 4 வருஷ ஒப்பந்தமே போடுவார்கள். சரியாக ஆடாவிட்டால் தூக்கிவிடுவார்கள். அப்புறம் ஒப்பந்தம் என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை.

அதனால் ஒரு விலகல் கட்டணம் வையுங்கள்: மீதமுள்ள ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்த வருஷ ஊதியத்தில் பாதி. உதாரணமாக, ஆரணி அணி ஒரு முன்கள வீரரை 18 கோடிக்கு 3 வருஷம் எடுக்கிறது. உயர்வோடு அவர் ஊதியம் 18, 20, 22. முதல் சீசன் முடிந்ததும் விடுவித்தால், அடுத்த வருஷம் 10 கோடி, அதற்கடுத்த வருஷம் 11 கோடி ஆரணியின் பட்ஜெட்டில் கழிந்துகொண்டே இருக்கும். வலிக்கும், ஆனால் அணி செத்துவிடாது.

இரண்டு விலக்கு அவசியம். வீரர் வேறு நாட்டு லீக்குக்குப் போய்விட்டாலோ ஓய்வு பெற்றாலோ கட்டணம் இல்லை. சீசனுக்கு நடுவில் கூடுதலாக எடுக்கும் வீரர்களுக்கு அந்த சீசன் முடியும்வரை மட்டுமே ஒப்பந்தம். அவர்களை விட்டாலும் கட்டணம் இல்லை.

இந்தத் தொகையை முன்கூட்டியே எழுதி வைப்பது ஏன் முக்கியம்? இந்தியக் கால்பந்திலேயே உதாரணம் இருக்கு. 2024-ல் தற்காப்பு வீரர் அன்வர் அலி, மோகன் பகானுடனான நான்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் வீரர்கள் நிலைக் குழு அவருக்கு 4 மாதத் தடையும், மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு மறு விசாரணைக்கு வந்தது. முறிந்த பிறகு உட்கார்ந்து விலை பேசினால் சண்டைதான் வரும். நண்பர்கள் குழுவில் நீதிமன்றம் இல்லை. குழுவை விட்டு வெளியேறும் பட்டன் மட்டும்தான் இருக்கு.

ஒப்பந்தம் முடிந்த வீரர்: பழைய அணிக்கு எவ்வளவு உரிமை?

தேதி முடிந்ததும் வீரர் பொது ஏலத்துக்கு வர வேண்டும். ஆனால் மூன்று வருஷம் வைத்து வளர்த்தவருக்குக் கொஞ்சமாவது முன்னுரிமை தரலாமே என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான். ஐபிஎல்லின் பழைய ஆர்டிஎம் அதற்காகத்தான் வந்தது: வேறு அணி கேட்ட கடைசி விலையைக் கொடுத்து, பழைய அணி வீரரை எடுத்துக்கொள்ளலாம்.

அதில் ஒரு ஓட்டை. எப்படியும் பழைய அணி தூக்கிக்கொள்ளும் என்று தெரிந்தால், மற்றவர்கள் எதற்கு மெனக்கெட்டுக் கேட்க வேண்டும்? விலை ஏறாது, பழைய அணிக்கு மலிவாகக் கிடைக்கும். 2025 மெகா ஏலத்துக்காக வந்த திருத்தம் இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. பழைய அணி உரிமை கேட்டதும், கடைசியாக விலை கேட்டவர் ஒரு முறை தன் உண்மையான விலையைச் சொல்லலாம். பழைய அணி அதைக் கொடுக்கணும், இல்லையென்றால் விடணும்.

நம் லீக்கில் எப்படி இருக்கும்? செய்யாறு அணியின் நடுக்கள வீரருக்கு ஒப்பந்தம் முடிந்தது. ஏலத்தில் வந்தவாசி 14 கோடி கேட்கிறது. செய்யாறு உரிமையைப் பயன்படுத்துகிறது. வந்தவாசி ஒரே தாவலாக 19 என்கிறது. இப்போது செய்யாறுக்குத்தான் தலைவலி. எதிராளிக்குச் செலவு வைக்கவே 19 என்று சும்மா ஏற்றிவிட்டால்? செய்யாறு 'எடுத்துக்கோ' என்று கைகழுவினால் அந்த 19 கோடி வந்தவாசி தலையில். அந்தப் பயமே போதும், யாரும் பொய் விலை சொல்ல மாட்டார்கள். அணிக்கு வருஷம் ஒரே ஒரு உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ஏலமே பெயருக்குத்தான் நடக்கும்.

விதியை எழுதியவருக்கே வியப்புத் தரும் வீரர்

ஒவ்வொரு சலுகையும் நீங்கள் நினைத்தவருக்கு மட்டும் போய்ச் சேராது. ஐபிஎல்லில் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரைத் தக்கவைக்க 4 கோடி போதும். நட்சத்திரங்களுக்கான தொகை 18, 14, 11 கோடி என்று போகும். 2025-க்கான விதிகளில், கடைசி ஐந்து ஆண்டுகள் இந்தியாவுக்காகக் களமிறங்காதவரையும் அந்த முதல் வகையில் சேர்த்தார்கள். தோனியின் கடைசி சர்வதேச ஆட்டம் 2019 ஜூலை, உலகக் கோப்பை அரையிறுதி. 2022-ல் 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டவர், 2025-க்கு 4 கோடிக்கே சென்னை அணியில் தொடர்ந்தார். நம்ம சிஎஸ்கே ரசிகர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இளம் வீரர்களுக்கான மலிவு விலையில் இந்தியாவின் மிக வெற்றிகரமான கேப்டன்களில் ஒருவர் வந்து நின்றார்.

உங்கள் லீக்கிலும் 'இளம் வீரர் இருவரை வெறும் 1 கோடிக்கு, உயர்வு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்' என்று சலுகை வைத்தால், வயதைத் தெளிவாக எழுதுங்கள். சீசன் தொடங்கும் நாளில் 20 வயது நிறையாதவர் என்று போட்டால் போதும். 'புதுமுகம்' என்று மட்டும் எழுதினால், 29 வயதில் பிரீமியர் லீக்குக்கு வரும் பிரேசில் நட்சத்திரமும் புதுமுகம்தான் என்று ஒருத்தர் வாதாடுவார். நிச்சயம் வாதாடுவார்.

டிரேடுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கும், ரவீந்திர ஜடேஜா, சாம் கரன் இருவரும் ராஜஸ்தானுக்கும் மாறினார்கள். அந்த மாற்றத்தில் ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. அங்கே வீரரிடம் சம்மதம் கேட்க முடியும். ஃபேன்டஸி வீரரிடம் கேட்க முடியாது. அதனால் ஊதியமும் மீதி வருஷமும் மாறாமல் அவரோடு சேர்ந்தே போக வேண்டும். பேசிக் குறைப்பதற்கு இடம் கொடுத்தால், கடைசி இடத்தில் இருப்பவர் தன் சிநேகிதருக்கு நட்சத்திரத்தைத் தள்ளிவிடுவது அடுத்த நாளே நடக்கும்.

நிஜக் காசு வேண்டாம்

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 போட்டு ஜெயிக்கிறவருக்குக் கொடுக்கலாமா என்ற யோசனை எல்லா லீக்கிலும் வரும். வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது; அது திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்று பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட விளையாட்டை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ட்ரீம்11 போன்ற பெரிய நிறுவனமே பணப் போட்டிகளை நிறுத்தியது இதனால்தான். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். காசு நுழைந்தால், மேலே சொன்ன ஒவ்வொரு விதியும் விளையாட்டுச் சண்டையாக நிற்காமல் கடன் சண்டையாகிவிடும். கற்பனைக் கோடிகளே போதும்.

ஏலத்துக்கு முன் ஒரு பக்கத்தில் எழுத வேண்டியவை

பட்ஜெட் 100 கோடி, 15 வீரர்கள், குறைந்தபட்ச விலை 1 கோடி.

அணிக்கு மொத்தம் 30 ஒப்பந்த ஆண்டுகள். ஒருவருக்கு அதிகபட்சம் 4. ஆண்டுக்கு 2 கோடி உயர்வு.

விடுவித்தால், மீதி வருஷங்களுக்குப் பாதி ஊதியம். ஓய்வு, வேறு லீக்குக்கு மாறுதல், சீசன் நடுவில் சேர்த்தவர் ஆகியோருக்கு விலக்கு.

ஒப்பந்தம் முடிந்தால் பொது ஏலம். பழைய அணிக்கு வருஷம் ஒரு ஆர்டிஎம். எதிரணிக்கு ஒரு கடைசி உயர்வு.

டிரேடில் ஊதியமும் ஆண்டும் மாறாது.

ஒரு உரிமையாளர் லீக்கை விட்டுப் போனால், புதிதாக வருபவர் முதல் மாதத்துக்குள் மூன்று வீரர்களைக் கட்டணம் இல்லாமல் விடுவிக்கலாம். மற்றவர் செய்த தப்புக்கு அவர் மூன்று வருஷம் கட்டுப்பட வேண்டியதில்லை.

விதியை மாற்ற 10-ல் 7 பேர் சம்மதிக்க வேண்டும். மாற்றம் அடுத்த சீசனுக்குத்தான் பொருந்தும்; ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களைத் தொடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். யாருக்கு எந்த வீரர் என்று தெரிந்த பிறகு விதி பேச உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் தன் அணிக்கு வசதியானதைத்தான் நியாயம் என்பார்கள். முதல் வீரர் பெயரைச் சொல்லும் முன்பே இந்தப் பக்கத்தை எல்லோரும் படித்துச் சரி என்று சொல்லிவிட வேண்டும். அதுக்கப்புறம் ஏலத்தைத் தொடங்குங்க.